எண்ணத் தெரிந்தவர்களின் வட்டம்

சர்தானாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் 'தொன்மை' என்ற சொல்லில்தான் ஆரம்பிக்கிறார்கள். எம்போர்தா கடற்கரையில் குடியேறிய கிரேக்கர்கள் விட்டுச்சென்ற வட்ட நடனம் அது என்று ஒரு கதை கதலோனியாவில் நெடுங்காலமாக உலவுகிறது. ஆதாரம் ஏதும் கிடையாது. 'சர்தானா' என்ற சொல் 16ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் தென்படுவது உண்மை. ஆனால் இன்று பார்சலோனா தேவாலயத்தின் முன்னால் ஆடப்படும் சர்தானா 19ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவானது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் பெப் வெந்தூரா. 1817இல் பிறந்து 1875இல் இறந்த அவர் ஃபிகெரெஸ் நகரத்து இசைக்காரர். பிறந்தது கதலோனியாவிலேயே இல்லை, தெற்கே ஆந்தலூசியாவில். அப்பா படையில் இருந்தவர்.

வெந்தூரா செய்த காரியம் எளிமையானது, விளைவுதான் பெரிது. பழைய சர்தானா குட்டையானது, அளவு முன்கூட்டியே முடிவானது. அவர் அதை நீட்டினார், ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு அளவு என்று ஆக்கினார். கூடவே தெனோராவை இசைக்குழுவின் நடுநாயகமாக உட்கார வைத்தார். நம்ம நாகசுரம் மாதிரி இரட்டைச் சீவாளி வைத்து ஊதுகிற கருவி அது. இன்றைய வடிவத்தை அதற்குத் தந்தவர் பிரெஞ்சு எல்லைக்குள் இருக்கும் பெர்பினியான் நகரத்துக் கருவி செய்பவர் ஒருவர், 1849இல். ஆக, ஒரு தேசத்தின் 'ஆன்மா' என்று சொல்லப்படும் ஒலி மரபணுவில் வந்ததில்லை, பட்டறையில் வந்தது.

இங்கே நிறுத்தினால் கட்டுரை முடிந்துவிடும். ஹாப்ஸ்பாமும் ரேஞ்சரும் 1983இல் தொகுத்த 'மரபின் கண்டுபிடிப்பு' நூலைப் படித்த யாரும் இதை எழுதிவிடலாம். மரபு என்பது புனைவு, தேசியம் கட்டமைக்கப்பட்டது, முற்றும். நானும் இப்படித்தான் வெகுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தேவாலயச் சதுக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்றபோதுதான் அந்த முடிவு எவ்வளவு சோம்பேறித்தனமானது என்று உறைத்தது.

கைப்பைகளையும் கோட்டுகளையும் நடுவில் குவித்துவிட்டு அதைச் சுற்றிக் கைகோத்து நிற்கிறார்கள். ஒருவர் ஒரு கையால் சின்னக் குழலை வாசித்து, மறுகையால் சின்னஞ்சிறு மேளத்தைத் தட்டித் தொடங்கிவைக்கிறார். அவரோடு சேர்த்துக் குழுவில் 11 பேர். குட்டை அடிகளுக்குக் கைகள் கீழே, நீள அடிகளுக்குக் கைகள் மேலே. பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் ஆடுகிறவர்கள் முகத்தைப் பார்த்தால் பரீட்சை எழுதுகிற மாதிரி இருக்கும். ஏனென்றால் எண்ணுகிறார்கள். பாட்டுக்குப் பாட்டு அளவு மாறுவதால் இந்தப் பகுதியில் எத்தனை தாளம் என்று முதல் தடவை காதால் பிடித்து, அடிகளைப் பங்கிட்டு, இசை முடியும் இடத்தில் சரியான காலில் வந்து நிற்க வேண்டும். ஒருவர் கணக்குப் போட்டுச் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள். தப்பினால் வட்டமே தப்பும்.

யார் வேண்டுமானாலும் வட்டத்துக்குள் நுழையலாம் என்பது விதி. ஆணுக்கும் அவன் வலப்புறத்து ஜோடிக்கும் நடுவே மட்டும் புகக் கூடாது. கைதட்டலுக்கு ஏங்கும் தனி ஆட்டக்காரர் என்று யாரும் கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கதலான் தேசியவாதிகள், வடகிழக்கு மூலையில் மட்டும் ஆடப்பட்டுவந்த இந்த நடனத்தை முழு நாட்டுக்கும் உரியதாக்கியது தற்செயலில்லை. கவிஞர் மரகால் 1894இலேயே அதைக் கவிதையாக்கிவிட்டார். கணக்கு, நிதானம், ஒழுங்கு என்று தொழில் முதலாளிகளும் கடைக்காரர்களும் தங்களைப் பற்றி நினைத்துக்கொண்டதெல்லாம் அதில் இருந்தது. ஃப்ளாமெங்கோவுக்கு நேர் எதிர். வேர் பண்பாட்டில் மட்டுமா, வர்க்கத்திலும்தான்.

சரி, புனைவென்றே வச்சுக்குவோம். அப்ப 1924ஐ என்ன செய்வது? 1907இல் மொரேரா இசையமைத்து, கிமெரா வரிகள் எழுதிய 'லா சாந்தா எஸ்பீனா' என்ற சர்தானாவை ப்ரீமோ தெ ரிவேராவின் ராணுவ ஆட்சி அந்த ஆண்டு தடைசெய்தது. (கிமெரா பிறந்ததும் கதலோனியாவில் இல்லை, கானரித் தீவுகளில்.) வெறும் கற்பனையைத் தடைசெய்ய எந்த ராணுவமும் மெனக்கெடாது. புனைவு எங்கே தொடங்கியது என்று காட்டுவது வேறு, அதன் வழியாக மனிதர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பது வேறு. முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதையும் முடித்ததாக நினைக்கிறோம். ஃபிராங்கோ ஆட்சி இன்னும் தந்திரமானது. கதலான் மொழியைப் பொதுவெளியிலிருந்து விரட்டிக்கொண்டே, வட்டார நடனங்களை ஃபலாங்கே பெண்கள் அணியின் மூலம் மேடையேற்றியது. மொழியில்லாத நடனம் அதற்குத் தொந்தரவாகப் படவில்லை.

அதே ஆட்சியில் 1950களிலும் 60களிலும் ஆந்தலூசியாவிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் லட்சக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் பார்சலோனாவின் புறநகரங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். எனக்கு உறுத்துவது இங்கேதான். வட்டம் திறந்திருக்கிறது, யாரும் 'வராதே' என்று சொல்லவில்லை. ஆனால் எண்ணத் தெரிய வேண்டும். அதற்குப் பயிற்சியும் ஓய்வான ஞாயிறுகளும் வேண்டும். புறநகரத்தார் 1970களிலிருந்து தங்களுக்கென்று ஏப்ரல் திருவிழாவைக் கொண்டாடத் தொடங்கினார்கள். பூட்டில்லாத கதவும் சிலரை வெளியே நிறுத்திவிடும்.

கஸ்தெல் என்கிற மனிதக் கோபுரத்தின் கதை வேறு மாதிரி. வால்ஸ் பக்கத்துக் கிராமத்தார் வழக்கமான அது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ நலிந்திருந்தது. 1980களில் பெண்கள் ஏறத் தொடங்கியதும் கோபுரங்கள் உயர்ந்தன. 1998இல் தெர்ராசாவின் மின்யோன்ஸ் குழு பத்து அடுக்கைக் கட்டி இறக்கியது. அடியில் நூற்றுக்கணக்கானோர் நெருக்கித் தாங்குகிற கூட்டத்தில் கணக்குத் தெரியாதவனுக்கும் இடமுண்டு. அவன் தோள் போதும், எந்த ஊர்க்காரன் என்பது முக்கியமில்லை. யுனெஸ்கோ 2010இல் அதைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

அன்று சதுக்கத்தில் நானும் கடைசியில் ஒரு வட்டத்துக்குள் நுழைந்தேன். இடப்புறம் ஒரு பாட்டி. அவர் உதடு அசையாமல் எண்ணிக்கொண்டிருந்தார். நான் இரண்டு தடவை தப்பான காலில் வந்து நின்றேன். பாட்டி என் கையை விடவில்லை. ஆனால் மூன்றாவது பாட்டுக்கு முன்னால் என் பையைக் குவியலிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார்.