இத்யாதிப் பரணில் பிறந்த கேள்வி

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் இயங்குதளம் உருவான காலத்தில், எந்தக் கோப்பை எங்கே வைப்பது என்று ஓர் ஒழுங்கு தேவைப்பட்டது. நிரல்களுக்கு ஓர் அடைவு, சாதனங்களுக்கு ஓர் அடைவு என்று பிரித்துக்கொண்டே வந்தார்கள். எதிலும் சேராத மிச்சம் மீதியைத் தள்ளிவைக்க ஒரு மூலை வேண்டியிருந்தது. அதற்கு 'எட்செட்ரா' என்பதைச் சுருக்கி 'ஈடிசி' என்று பெயர். தமிழில் இத்யாதி. ஆனால் பரணில் தூக்கிப் போட்டதைத்தான் வீட்டில் அடிக்கடி தேடுவார்கள். 1971 நவம்பர் தேதியிட்ட முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே கடவுச்சொல் கோப்பு அந்த இத்யாதிக்குள்தான் இருந்தது. போகப்போக, எந்த நிரல் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிக் கோப்புகளும் அங்கேயே குடியேறின. எல்லாம் வெறும் எழுத்து. எடிட்டரில் திறந்து ஒரு வரியை மாற்றினால் நிரலின் குணமே மாறும். யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்று எங்கும் பதிவாகாது. அந்த மறதிக்கு விலை கொடுக்கும் நாள் வர இருபது ஆண்டுகள் ஆயின.

1991-ல் ஹெல்சின்கியில் ஒரு மாணவர், யூனிக்ஸைப் போன்றே இயங்கும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எழுதினார். கெர்னல் மட்டும் இருந்தால் போதாது. அதைச் சுற்றி நூறு நிரல்கள் வேண்டும். 1992-ல் பீட்டர் மெக்டொனால்ட் என்பவர் அவற்றையெல்லாம் திரட்டி, ஃப்ளாப்பி வட்டுகளின் அடுக்காக வெளியிட்டார். எஸ்எல்எஸ் என்று அழைக்கப்பட்ட அந்தத் தொகுப்பு ஆர்வலர்களிடம் வேகமாகப் பரவியது. வட்டை ஒவ்வொன்றாகப் போட்டால் போதும், கம்ப்யூட்டர் லினக்ஸ் ஆகிவிடும். ஆனால் உள்ளே ஓட்டைகள் ஏராளம். புதிய பதிப்பு வந்தபோதுதான் பெரிய ஓட்டை எது என்று தெரிந்தது.

தொகுப்பைப் பிரித்துப்போடும் 'டார்' கட்டளைக்கு எதிரே இருப்பது யாருடைய உழைப்பு என்ற கவலை கிடையாது. அதே பெயரில் கோப்பு இருந்தால் அதன் மேலேயே எழுதிவிட்டுப் போகும். அந்தக் காலத்துக் கான்ஃபிக் கோப்பு லேசில் அமைந்துவிடும் பொருளும் அல்ல. மின்னஞ்சல் அனுப்பும் சென்ட்மெயிலின் கான்ஃபிக்கைப் பார்த்தால், விசைப்பலகை மேல் பூனை நடந்ததுபோல இருக்கும். திரையில் வரைகலைச் சாளரம் தெரிய வேண்டுமானால் மானிட்டரின் அலைவரிசை எண்களைக் கையால் கணக்கிட்டு எழுத வேண்டும்; தப்பாக எழுதினால் பழைய மானிட்டர் கெட்டே போகலாம் என்ற எச்சரிக்கை வேறு. அப்படி இரவுகளைக் கரைத்து எழுதிய வரிகள், அப்கிரேட் என்ற பெயரில் ஒரு நொடியில் காணாமல் போகக்கூடிய நிலைமை. எஸ்எல்எஸ் மீது பொறுமை இழந்தவர்களில் இண்டியானா மாநிலத்தின் பர்டியூ பல்கலைக்கழக மாணவர் ஒருவரும் இருந்தார்.

இயன் மர்டாக்குக்கு அப்போது இருபது வயது. 1993 ஆகஸ்ட் 16 அன்று அவர் ஓர் அறிவிப்பை வெளியிட்டார்: புதிதாக ஒரு லினக்ஸ் தொகுப்பு வருகிறது. தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டி டெபியன் என்று பெயர் வைத்திருந்தார். அந்த அறிவிப்பில் ஒரு வாக்குறுதி. நிறுவும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காக்க வேண்டிய தொல்லை இதில் இருக்காது. ஆரம்பத்தில் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு, இயந்திரத்தை அதன் போக்கில் விட்டுவிட்டு வேறு நல்ல வேலையைப் பார்க்கலாம் என்பது அதன் சாரம். இந்த வாக்குறுதியைக் கொடுத்த வீட்டிலிருந்தேதான் அதற்கு நேர் எதிரான ஒரு பிறவி வரவிருந்தது.

1994 ஜனவரியில் மர்டாக் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினார். ஒரு நிரலையும் அதன் கோப்புகளையும் ஒன்றாகக் கட்டிய பேக்கேஜை நிறுவுவது, நீக்குவது, எது இருக்கிறது என்று கணக்கு வைப்பது அதன் வேலை. பெயர் டிபிகேஜி. பின்னர் மேட் வெல்ஷ், கார்ல் ஸ்ட்ரீட்டர் ஆகியோருடன் சேர்ந்து அதை பெர்ல் மொழியில் திருப்பி எழுதினார். அதே 1994-ல் இயன் ஜாக்சன் என்ற ஆங்கிலேயர் அதன் முக்கியப் பகுதியை சி மொழிக்கு மாற்றினார். (டெபியனின் ஆரம்ப வரலாற்றில் இயன் என்றால் எந்த இயன் என்று கேட்டுக்கொள்வது நல்லது.) மற்றக் கோப்புகளைப் பொறுத்தவரை டிபிகேஜிக்குச் சிக்கல் இல்லை, பழையதை எடு, புதியதை வை. இத்யாதிப் பரணில் ஏறியபோதுதான் கை நின்றது.

காரணம், அங்கே இருந்த கோப்புகளுக்கு இரண்டு சொந்தக்காரர்கள். பேக்கேஜைத் தயாரித்தவர் ஒருவர், வாங்கிப்போட்டுத் திருத்தியவர் இன்னொருவர். இதற்குச் சுலபமான வழிகள் இரண்டுண்டு. தயாரிப்பாளரின் கோப்பையே எப்போதும் வைத்துவிடலாம். அது எஸ்எல்எஸ்ஸின் பாவம். இருப்பதை எப்போதும் தொடாமல் விட்டுவிடலாம். கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் புதிய பதிப்பில் ஓர் அமைப்பின் பெயரை மாற்றியிருப்பார்கள். பழைய கோப்பில் பழைய பெயரே இருக்கும். சேவை எழுந்திருக்கவே மறுக்கும். கோப்பை ஒருவரும் தொடாத இடத்திலும் அது பழையதாகவே கிடந்து மக்கும். ஆகவே திருத்தப்பட்ட கோப்பையும் தொடப்படாத கோப்பையும் பிரித்துச் சொல்ல ஓர் உபாயம் வேண்டும். அந்த உபாயம், இதற்குச் சம்பந்தமே இல்லாத ஓர் உலகத்தில் ஏற்கெனவே தயாராகி இருந்தது.

எம்ஐடி பேராசிரியர் ரான் ரிவெஸ்ட், 1991-ல் எம்டி5 என்ற சூத்திரத்தை வடிவமைத்திருந்தார். டிஜிட்டல் கையொப்பம் போன்ற ரகசியக் காரியங்களுக்காகப் பிறந்தது அது. எவ்வளவு பெரிய கோப்பைக் கொடுத்தாலும் 32 எழுத்துக்குள் அதற்கொரு கைரேகை எடுத்துத் தரும். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் கைரேகை முற்றிலும் வேறாகிவிடும். டிபிகேஜி அதை இரவல் வாங்கிக்கொண்டது. பேக்கேஜை நிறுவும்போதே, தயாரிப்பாளர் கொடுத்த கான்ஃபிக் கோப்பின் கைரேகையைத் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்துவிடும். அப்கிரேட் நாளன்று கையில் மூன்று ரேகைகள் இருக்கும்: அன்று கொடுத்தது, இன்று வட்டில் இருப்பது, புதிதாக வந்திருப்பது.

மூன்றையும் ஒப்பிட்டால் முடிச்சு தானாக அவிழ்ந்தது. அன்று கொடுத்ததும் இன்று இருப்பதும் ஒன்றா? யாரும் தொடவில்லை, புதியதைத் தயங்காமல் வைக்கலாம். அன்று கொடுத்ததும் புதிதாக வந்ததும் ஒன்றா? தயாரிப்பாளர் ஒன்றும் மாற்றவில்லை, திருத்தியவரின் கோப்பு அப்படியே இருக்கட்டும். திருத்தியவரும் தயாரிப்பாளரும் தனித்தனியே ஒரே திருத்தத்தைச் செய்திருந்தால்? சண்டையே இல்லை. கோப்பைச் சொந்தக்காரர் அழித்திருந்தால் அழித்ததும் ஒரு திருத்தமே. தயாரிப்பாளர் எதையும் மாற்றாதவரை அது மறுபடி முளைக்காது. என்னைக் கேட்டால் மொத்த ஏற்பாட்டிலும் நாகரிகமான விதி இதுதான். எல்லாம் சரியாக வந்தது. மூன்று ரேகைகளும் மூன்று விதமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்பது மட்டும் பாக்கி.

அந்த இடத்தில் கணக்கு தோற்றது. இருவரும் மாற்றியிருக்கிறார்கள், வெவ்வேறு விதமாக. கைரேகையைக் கொண்டு ஆள் மாறியதைச் சொல்லலாம்; அவர் மனதில் என்ன இருந்தது என்று சொல்ல முடியாது. 1995-ல், இன்னொரு லினக்ஸ் தொகுப்பை வெளியிட்டுவந்த ரெட் ஹேட் நிறுவனத்தின் மார்க் யூயிங்கும் எரிக் ட்ரோனும் ஆர்பிஎம் என்ற பேக்கேஜ் கருவியைக் கட்டினார்கள். அவர்களும் இதே மூன்று ரேகைக் கணக்கைப் போட்டு, இதே முட்டுச்சந்தில் வந்து நின்றார்கள். ஆர்பிஎம் நடுவில் யாரையும் எதுவும் கேட்காமல் வேலையை முடிக்க வேண்டும் என்பது அவர்களின் கொள்கை. ஆகவே அது பேசாமல் ஒரு தீர்ப்பு எழுதியது. புதிய கோப்பை வைத்துவிட்டு, திருத்தப்பட்ட கோப்புக்கு 'ஆர்பிஎம்சேவ்' என்று வால் ஒட்டிப் பக்கத்தில் போட்டது. பேக்கேஜ் தயாரித்தவர் 'மாற்றாதே' என்று குறித்திருந்தால் தலைகீழ்: திருத்தியது இருந்த இடத்திலேயே இருக்கும், புதியது 'ஆர்பிஎம்நியூ' என்ற வாலோடு ஓரமாகக் கிடக்கும். எதுவும் தொலையவில்லை. ஆனால் திரையில் ஓடிப்போகும் ஒற்றை எச்சரிக்கை வரியைக் கவனிக்காதவருக்கு, தன் சர்வர் திடீரென்று அந்நியர்போல நடந்துகொள்வது ஏன் என்று விளங்காது. டெபியன் வேறு வழியில் போனது.

தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று டிபிகேஜி ஒப்புக்கொண்டது. நூறு பேக்கேஜ்கள் வரிசையாக நிறுவப்பட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று எல்லாம் நிற்கும். கோப்பின் பெயர் வரும். இது நிறுவிய பிறகு மாற்றப்பட்டிருக்கிறது, தயாரிப்பாளரும் புதிய வடிவம் அனுப்பியிருக்கிறார், என்ன செய்யலாம்? ஒய் அல்லது ஐ என்றால் தயாரிப்பாளருடையது. என் அல்லது ஓ என்றால் இப்போதுள்ளது. டி என்றால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். இசட் என்றால் ஒரு ஷெல் திறக்கும். சாவகாசமாக நிலைமையை ஆராய்ந்துவிட்டு வரலாம். டெபியன் சர்வரோ அதன் வழிவந்த உபுண்டு சர்வரோ வைத்திருக்கும் எல்லோருக்கும் மனப்பாடமான, பெரும்பாலானோர் படிக்காமலே என்டர் தட்டிக் கடந்துபோகும் அந்தக் கேள்வி, பக்கத்தில் உட்கார்ந்து காவல் காக்கத் தேவையில்லை என்று வாக்குக் கொடுத்த அதே டெபியன் பெற்ற பிள்ளை. படிக்காமல் என்டர் தட்டினால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துத்தான் வைத்திருந்தார்கள். இயல்பான விடை 'என்': இருப்பது இருக்கட்டும், புதியது 'டிபிகேஜி-டிஸ்ட்' என்ற வாலோடு அருகில் காத்திருக்கட்டும்.

பிறந்த பிள்ளை ஒழுங்காக நடக்கவில்லை. கோப்பைக் கண்ணாலும் பார்க்காதவர்களிடம்கூட, மாற்றிவிட்டதாகக் கேள்வி வந்து நின்றது. சில பேக்கேஜ்களின் ஸ்கிரிப்ட்களே கான்ஃபிக் கோப்பில் கைவைத்திருந்தன. கைரேகைக்கு மனிதர், ஸ்கிரிப்ட் என்ற பேதம் தெரியாது. தன் கான்ஃபிக் கோப்பாக அறிவித்ததைப் பேக்கேஜின் ஸ்கிரிப்ட் தொடக்கூடாது என்று டெபியனின் கொள்கை ஏடு கண்டிப்பாகச் சொல்கிறது. அது போதாதென்று, கேள்வியின் வாசகத்திலேயே அடைப்புக்குறிக்குள் ஒரு சமாதானம் நிற்கிறது: 'நீங்களோ ஒரு ஸ்கிரிப்டோ' மாற்றியது என்று. அடுத்த குறை இன்னும் ஆழமானது.

கைரேகை இருக்கிறது, ஆனால் அன்று கொடுத்த மூலக் கோப்பு இல்லை. மாறியது தெரியும், எது மாறியது என்று தெரியாது. ஆகவே இருவரின் திருத்தங்களையும் ஒன்றாகப் பின்னித் தர டிபிகேஜியால் முடியாது. டெபியனின் மனோஜ் ஸ்ரீவாஸ்தவா, மூலப் பிரதியையும் பத்திரப்படுத்தி மூன்றையும் சேர்த்து இணைத்துப் பார்க்க வழி செய்யும் யூசிஎஃப் என்ற கருவியை எழுதினார். ஜோயி ஹெஸ் எழுதிய டெப்கான்ஃப், பேக்கேஜ்களின் மற்றக் கேள்விகளை நிறுவலின் முன்பக்கத்துக்கே நகர்த்தியது. கான்ஃபிக் கோப்புக் கேள்வி மட்டும் நட்டநடுவிலேயே நின்றது. இரவில் ஆள் இல்லாமல் ஓடும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் நிரல், இந்தக் கேள்வி வரப்போகிறது என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்தால், அந்தப் பேக்கேஜைத் தொடாமல் தாண்டிப்போய்விடும். சேவைகளை எழுப்பி நடத்த 2010-ல் வந்த சிஸ்டம்டி என்ற நிரல் இன்னொரு தந்திரத்தைக் கையாண்டது: தயாரிப்பாளரின் கோப்பு வேறு அடைவில் இருக்கட்டும், மாற்ற நினைப்பவர் இத்யாதியில் தனியாக ஒரு சின்னக் கோப்பு எழுதிக்கொள்ளட்டும். இரண்டு சொந்தக்காரர்களுக்கும் தனித்தனிக் கோப்பு. கேள்விக்கே வேலை இல்லை.

இதற்கிடையே எம்டி5-க்கும் ஒரு கெட்ட காலம் வந்தது. 2004-ல் சீனக் கணிதவியலாளர் வாங் சியாவ்யூனும் அவர் குழுவும், இரண்டு வெவ்வேறு தரவுகளுக்கு ஒரே கைரேகை வரவைத்துக் காட்டினார்கள். ரகசியக் காரியங்களுக்கு அது இனி ஆகாது என்று ஆனது. கையொப்பம், சான்றிதழ் என்று ஒவ்வோர் இடமாக அதை வெளியேற்றினார்கள். டிபிகேஜியின் குறிப்பேட்டில் கான்ஃபிக் கோப்புகளின் பெயர்களுக்கு எதிரே நிற்பது மட்டும் இன்னும் அந்த 32 எழுத்துதான். தன் வீட்டுப் பரணில் தானே கள்ள ரேகை வைக்க யாரும் மெனக்கெடுவதில்லை. அப்கிரேட் முடிந்த சர்வரில் இத்யாதியைத் திறந்தால், டிபிகேஜி-டிஸ்ட் என்றோ ஆர்பிஎம்சேவ் என்றோ வால் முளைத்த கோப்புகள் ஆண்டுக்கணக்கில் தூசி படிந்து கிடக்கும். அவற்றை அழிக்க அட்மின்களுக்கு மனம் வருவதில்லை.