இஞ்சியும் 'ஜிஞ்ஜர்' என்னும் ஆங்கிலச் சொல்லும்

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் சுபக்கத்தின் தொடக்கத்தே அளவைகளை வகுத்தருளினார். பொருளுண்மை துணிதற்கு வேண்டும் அந்நெறி, சொல்வரலாறு துணிதற்கும் வேண்டுவதேயாம். ஒலியொப்புமை ஒன்றனையே பற்றிச் சொல்வரலாறு கூறுவார் இழுக்குறுதல் ஒருதலை.

கம்பம் பள்ளத்தாக்கில், மேற்குமலை அடிவாரத்தே கோம்பை என்னும் ஊர் உளது. ஆங்கிலத்தில் மலையிடைப் பள்ளத்தைக் குறிக்கும் 'கூம்' என்னும் சொல் ஒன்றுண்டு. ஒலியும் இடத்தின் இயல்பும் ஒருபுடை ஒத்தலால், அது தமிழினின்று சென்றதென ஒருவர் கருதக்கூடும். ஆயின் அது வேல்சு மொழியின் 'கும்' என்பதற்கு இனமாய், பிரித்தானியத் தீவின் பழைய கெல்திய மொழியினின்று போந்தது. தமிழகத்தினின்று அத்தீவிற்குச் சென்றமைக்கு இடைவழிச் சான்று ஒன்றேனும் இல்லை. ஆகலின் இவ்வொப்புமை தற்செயலே என்க.

இனி, அம்மலைத்தொடரில் விளையும் இஞ்சியை நோக்குக. 'ஜிஞ்ஜர்' என்னும் அதன் ஆங்கிலப் பெயர், பழைய ஆங்கிலத்தில் 'ஜிஞ்ஜிவர்' எனவும், பிற்கால இலத்தீனில் 'ஜிஞ்ஜிபெர்' எனவும், கிரேக்கத்தில் 'சிங்கிபெரிசு' எனவும் நின்றது. கி.பி. முதல் நூற்றாண்டினராகிய டியோசுகோரிதீசு என்னும் கிரேக்க மருத்துவர் இப்பெயரைத் தம் நூலில் எழுதிவைத்தார். பாலிமொழியில் 'சிங்கிவேர' எனவும், வடமொழியில் 'சிருங்கவேர' எனவும் இது வழங்கும்.

'சிருங்கம்' கொம்பு, 'வேரம்' உடல் எனப் பிரித்துக் கொம்பு போன்ற உடலுடையது என வடமொழியாளர் பொருள் கூறுவர். உருவிற்கு ஏற்றதாயினும், இது பின்னர்ப் பொருத்திய பொருளாதல் கூடும். யூல், பர்னெல் என்பார் தொகுத்து 1886-இல் வெளிவந்த ஆப்சன்-சாப்சன் அகராதி, மலையாளத்து 'இஞ்சிவேர்' என்பதனைக் காட்டி, திராவிடச் சொல்லே இவ்வாறு வடமொழியுருப் பெற்றிருக்கலாமெனக் குறித்தது. ஆலன் ராசு என்பார் இவ்வொரு சொல்லின் வரலாற்றிற்கே 1952-இல் தனிநூல் வெளியிட்டார். முதற்கண் உள்ள சகரம் யாண்டுச் சென்றதெனின், சிறகு இறகு எனவும், சிப்பி இப்பி எனவும் வருதல் போலத் தமிழில் அது கெட்டதென்க. எனவே, ஆங்கிலச் சொல்லின் ஈற்றில் எஞ்சியிருப்பது நம் 'வேர்' என்பதன் தேய்வேயாம்.

இதனான் வடமொழிக்குச் சிறுமை யாதுமில்லை. கோம்பைக்கு அணித்தாகிய சின்னமனூரிற் கிடைத்த பாண்டியர் பெருஞ்செப்பேட்டில் வடமொழியும் தமிழும் ஒருங்கே பொறிக்கப்பட்டுள்ளன. உடனுறையும் மொழிகள் கொண்டும் கொடுத்தும் வளர்தல் இயல்பு. நாம் அஞ்சத்தக்கது பொய்ச்சான்றே. அது ஒன்று புகின், மெய்ச்சான்று ஒன்பதும் ஐயுறப்படும். கோம்பையை விடுத்து இஞ்சியைக் கொள்வதே தமிழன்பர்க்குத் தகுவதாம்.