டீசலின் கனவும் பட்டறைத் தொழிலாளியும்

யந்திரங்களின் சரித்திரத்தை எழுதுவோர் அவற்றைக் கண்டுபிடித்த மேதையிலே தொடங்கி, விற்றுப் பொருளீட்டிய நிறுவனத்திலே முடித்துவிடுவது வழக்கம். விற்ற யந்திரத்தை அதன்பின் முப்பது நாற்பது ஆண்டுகள் ஓடச்செய்த கைகளுக்கு அங்கே இடமில்லை. டீசல் வண்டியின் கதை அக்கைகளைச் சேர்க்காமல் முழுமை பெறாது.

றுடோல்ப் டீசல் 1858இல் பாரிஸ் நகரிலே ஒரு கைவினைஞரின் மகனாகப் பிறந்தவர். நீராவி யந்திரம் பெருமுதலுக்கே துணைநின்று, சிறு தொழிலாளரை ஆலைக் கூலிகளாக்கியதை அவர் கண்டார். சிறு பட்டறைக்கும் கட்டுப்படியாகும் யந்திரம் ஒன்று வேண்டுமென எண்ணினார். 1897இல் ஜெர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் அவரது யந்திரம் வெற்றியுடன் இயங்கிற்று. 1903இல் தொழிலாளர் கூட்டுறவை வலியுறுத்தி ஒரு நூலும் எழுதினார். அதனைப் படித்தோர் சிலரே. யந்திரமோ பேராலைகளுக்கும் கப்பல்களுக்கும் போர் நீர்மூழ்கிகளுக்கும் உரியதாயிற்று. 1913இல் இங்கிலாந்துக்குச் சென்ற கப்பலிலிருந்து டீசல் காணாமற்போனார்.

1927இல் பொஷ் நிறுவனம் எண்ணெயைச் சிலிண்டருக்குள் பீச்சும் பம்புகளைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கிற்று. அதன்பின் 1936இல் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்ற டீசல் கார் வெளிவந்தது. 1970களில் வந்த 240 டி அதன் வழித்தோன்றல். ஐரோப்பாவிலே பழையவையெனக் கழிக்கப்பட்ட 240 டி வண்டிகள் பல, கப்பலேறி ஆபிரிக்காவை அடைந்தன. மொறோக்கோவில் அவை ஆறு பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு ஊருக்கு ஊர் ஓடின.

இவ்வண்டியில் தீப்பொறி எழுப்பும் பிளக் இல்லை. காற்றை இறுக்கும்போது எழும் வெப்பத்திலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. குளிர்ந்த யந்திரத்தைக் கிளப்புவதற்கு மட்டுமே ஹீற்றர் பிளக் வேண்டும். வால்வின் இடைவெளியை ஸ்பானரும் மெல்லிய அளவுத் தகடும் கொண்டு தெருவோரத்திலேயே சரிசெய்யலாம். பம்பு அவ்வளவு எளிதன்று. அதனுள்ளிருக்கும் தண்டும் உருளையும் சோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. அவற்றின் இடைவெளி மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்குகளே. ஒன்றை விட்டு ஒன்றை மாற்ற இயலாது. தூசியும் தண்ணீரும் கலந்த எண்ணெய் அதற்கு நஞ்சு. புதிய பம்பின் விலையோ எட்டாதது. ஆகவே ஓடாத வண்டியொன்று கழற்றப்பட்டுப் பிற வண்டிகளை வாழவைக்கிறது.

இத்தொழிலின் பெருங்களங்களுள் ஒன்று கானாவின் குமாசி நகரிலுள்ள சுவாமே மகசீன். பல்லாயிரம் தொழிலாளர் அங்கே சிறு பட்டறைகளில் உழைக்கின்றனர். 1980களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வறண்டு, உதிரிப்பாக இறக்குமதி சுருங்கியபோது, அவர்கள் தேய்ந்ததைக் கடைந்தும் உடைந்ததை ஒட்டியும் வண்டிகளை ஓடவைத்தனர். அவர்களுட் பெரும்பாலோர் தொழில் பயின்றது கல்லூரியிலன்று, மூத்த தொழிலாளியின் அருகே நின்று. டீசல் கனவுகண்ட சிறு பட்டறை, அவர் எண்ணியிராத மண்ணில், எண்ணியிராத முறையில் உருப்பெற்றது.

பழைய வண்டியைப் போற்றிப் பாடுவது நமது நோக்கமன்று. டீசல் புகை புற்றுநோயை விளைப்பதென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2012இல் அறிவித்தது. அப்புகையை முதலிற் சுவாசிப்பவனும் தொழிலாளியே. 2014 முதல் மொறோக்கோ அரசு மானியமளித்துப் பழைய வாடகைக் கார்களை நீக்கியதில் நியாயமுண்டு. ஆனால், புதிய வண்டியின் யந்திரத்தை ஆள்வது கணினி. அதன் மொழி நிறுவனத்திடம் பூட்டப்பட்டிருக்குமாயின், ஸ்பானர் பிடித்த கை வாயிலிலே நிற்க நேரும்.

புகை ஒழியட்டும். அதனோடு தொழிலாளியின் அறிவும் ஒழிய வேண்டுமென்பது எவருடைய நியாயம்?