இணைய விளையாட்டுகளில் ஆட்டமிழந்தவரின் காத்திருப்பு: ஒரு வரலாறு

பலர் சேர்ந்து இணையவழி ஆடும் விளையாட்டுகளில், ஆட்டமிழந்த ஒருவர் மீண்டும் களமிறங்கும் வரை அல்லது அடுத்த சுற்று தொடங்கும் வரை கழிக்கும் நேரம் காத்திருப்பு நேரம் ஆகும். சில விளையாட்டுகளில் இது ஒரு நொடிக்கும் குறைவு. சிலவற்றில் பல நிமிடங்கள். இந்த நேரத்தை எவ்வளவு வைப்பது, அதில் ஆட்டக்காரருக்கு என்ன கொடுப்பது என்ற கேள்விக்கு விளையாட்டு வடிவமைப்பாளர்கள் 40 ஆண்டுகளுக்கு மேலாகப் பல விடைகளை முயன்று பார்த்துள்ளனர்.

சிக்கல் எளிமையானது. தோல்விக்கு விலை இல்லையென்றால் ஆட்டத்தில் பயமும் இல்லை, நிதானமும் இல்லை. விலை மிகுந்தால், ஆட வந்தவர் வேடிக்கை பார்ப்பவராகிவிடுகிறார். பெரும்பாலும் முதலில் ஆட்டமிழப்பவர் புதியவர். ஆக, யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அவருக்கே ஆடும் நேரம் மிகக் குறைவாகக் கிடைக்கிறது.

கணினிக்கு முன்

இந்தச் சிக்கல் கணினியோடு பிறந்ததன்று. கபடியின் மரபு வடிவங்களிலேயே இதற்கு மூன்று தீர்வுகள் உள்ளன. சஞ்சீவனி முறையில், எதிரணியில் ஒருவர் அவுட் ஆகும்போது வெளியே அமர்ந்திருக்கும் ஒருவர் உயிர்பெற்று உள்ளே வருவார். காமினி முறையில், அவுட் ஆனவர் தம் அணி முழுவதும் அவுட் ஆகும் வரை வெளியிலேயே இருப்பார். அமர் முறையில், தொடப்பட்டவர் வெளியேறுவதே இல்லை. எதிரணிக்குப் புள்ளி மட்டும் சேரும். இன்றைய போட்டிக் கபடி சஞ்சீவனி முறையைப் பின்பற்றுகிறது. பின்னாளில் வந்த இணைய விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றை இந்த மூன்றில் ஒன்றன் கீழ் வைத்துவிடலாம்.

காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களில் காத்திருப்புக்கு வணிகக் காரணம் இருந்தது. ஒருவர் தோற்றால்தான் அடுத்தவர் காசு போடுவார். 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போன்ற இருவர் மோதும் ஆட்டங்களில், வென்றவர் நிற்க, தோற்றவர் நகர்ந்து மீண்டும் வரிசைக்குப் போவது வழக்கமாயிற்று.

எழுத்து உலகங்களும் ஆவிகளும்

1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவும் பின்னர் ரிச்சர்டு பார்ட்டிலும் உருவாக்கிய மட் என்ற எழுத்துவழி விளையாட்டே பலர் ஒரே உலகில் உலவிய தொடக்கக் கால விளையாட்டுகளில் புகழ்பெற்றது. அதில் சண்டையில் இறந்தால் கதாபாத்திரம் அழிந்துவிடும். சேர்த்த புள்ளிகள் அனைத்தும் போய்விடும். காத்திருக்க எதுவுமில்லை, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

1997இல் வெளியான அல்டிமா ஆன்லைன் இறந்தவரை உலகத்திலேயே விட்டுவைத்தது. அவர் ஆவியாக அலைந்து, தம்மை உயிர்ப்பிக்கும் வைத்தியரைத் தேட வேண்டும். ஆவி பேசுவது, தனித்திறன் பெறாத மற்றவர்களுக்கு 'ஊ… ஓ…' என்ற ஓலமாகவே தெரியும். 1999இன் எவர்குவெஸ்டில் இறந்தவரின் உடைமைகள் சடலத்தோடு கிடக்கும். அதே ஆபத்தான இடத்துக்கு வெறுங்கையோடு திரும்பிச் சென்று மீட்க வேண்டும். 2004இன் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இத்தண்டனையைத் தணித்தது. அதில் ஆவி இடுகாட்டிலிருந்து சடலம் வரை நடந்தால் போதும், உடைமைகள் பறிபோகா. இந்த உலகங்களில் காத்திருப்பு என்பது பெரும்பாலும் நடையாகவே இருந்தது. ஆட்டக்காரரின் கை சும்மா இருக்கவில்லை.

உடனடி மீண்டெழுதல்

1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட டூம் வேறு வழியைக் காட்டியது. வலையமைப்பில் 4 பேர் வரை மோதிய அதன் டெத்மேட்ச் முறையில், இறந்தவர் ஒரு விசையை அழுத்தினால் வேறோர் இடத்தில் எழுந்துவிடுவார். ஆட்டக்காரர்கள் 'ரெஸ்பான்' என்று சொல்வது இதைத்தான். 1996இன் குவேக் இதை இணையத்துக்குப் பரவலாகக் கொண்டு சென்றது. இங்கு மரணம் எதிரிக்கு ஒரு புள்ளி. இறந்தவருக்கு அடிப்படை ஆயுதத்தோடு மீண்டும் தொடக்கம். கபடியின் அமர் முறைக்கு இது மிக நெருக்கமானது. காத்திருப்புச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் உயிரின் மதிப்பும் குறைந்தது. ஒளிந்து, யோசித்து, அணியோடு ஆடுவதைவிட வேகமாகச் சுடுவதே பலன் தந்தது.

கவுண்டர் ஸ்ட்ரைக்: காத்திருப்பின் பள்ளி

இந்த நிலையை மாற்றியது கவுண்டர் ஸ்ட்ரைக். மின் லீ, ஜெஸ் கிளிஃப் இருவரும் ஹாஃப் லைஃப் விளையாட்டின் மாற்றுவடிவமாக 1999இல் உருவாக்கிய இதை, 2000இல் வால்வ் நிறுவனம் தனி விளையாட்டாக வெளியிட்டது. அதில் ஒரு சுற்றுக்கு ஓர் உயிர். இறந்தவர் அச்சுற்று முடியும் வரை எழ முடியாது. பழைய பதிப்புகளில் சுற்றின் இயல்பு நேரம் 5 நிமிடம். தொடக்கத்திலேயே இறந்தவர் நான்கு நிமிடத்துக்கு மேலும் காத்திருக்க நேரிடலாம்.

விலை நேரத்தோடு நிற்கவில்லை. பிழைத்தவர் தம் ஆயுதத்தை அடுத்த சுற்றுக்கு எடுத்துச் செல்வார்; இறந்தவர் மீண்டும் பணம் கொடுத்து வாங்க வேண்டும். இந்த இரட்டை விலையால்தான் ஒவ்வொரு காலடி ஓசையும் பொருள் பெற்றது.

இறந்தவருக்குக் கிடைத்தது பார்வையாளர் முறை. உயிரோடிருக்கும் தோழரின் கண்வழியே அவர் ஆட்டத்தைப் பார்க்கலாம். இது ஆறுதலாக வந்து பாடமாக மாறியது. தாம் தவறவிட்ட மூலையைத் தேர்ந்த ஆட்டக்காரர் எப்படிக் கடக்கிறார், எப்போது ஓடுகிறார், எப்போது நடக்கிறார் என்பதைப் புதியவர் அங்கே கண்டார். ஓர் அணியில் ஒருவர் மட்டும் எஞ்சி, எதிரணியின் பலரைச் சமாளிக்கும்போது, இறந்த அனைவரும் அவர் ஒருவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறர் ஆடுவதைப் பார்ப்பதிலும் சுவை உண்டு என்று பலரும் அறிந்தது இப்படித்தான். பின்னாளில் மின்விளையாட்டுப் போட்டிகளுக்குத் திரண்ட பார்வையாளர்களின் பழக்கத்துக்கு இதுவும் ஒரு வித்து.

ஆனால் ஒரு புதிய நேர்மைக் கேள்வி எழுந்தது. இறந்தவர் எதிரிகளின் இடத்தையும் பார்க்க முடிந்தால், உயிரோடிருப்பவரிடம் சொல்லிவிடலாமே? 'கோஸ்டிங்' எனப்படும் இந்த ஏமாற்றைத் தடுக்கப் பல விதிகள் வந்தன. இறந்தவர் எழுதுவதை இறந்தவர் மட்டுமே படிக்க முடியும் என்பது ஒன்று. தம் அணியினரை மட்டுமே பார்க்கலாம் என்பது மற்றொன்று. திரையையே கறுப்பாக்கிவிடும் வசதியும் இருந்தது. எனினும் பக்கத்து நாற்காலியில் இருக்கும் நண்பரின் வாயை எந்த வழங்கியாலும் மூட முடியவில்லை. பிற்காலப் பதிப்பான குளோபல் ஆஃபென்சிவில் போட்டிச் சுற்றின் நேரம் 2 நிமிடத்துக்கும் கீழே குறைக்கப்பட்டது.

இடைவழிகள்

மீண்டெழ விடுவதா, வெளியே வைப்பதா என்ற இரண்டுக்கும் நடுவே பல முயற்சிகள் நடந்தன. 2001இன் ரிட்டர்ன் டு காசில் வுல்ஃபென்ஸ்டைன் இறந்தவர்களைக் குறித்த இடைவெளிகளில் அலையலையாகக் களத்துக்கு அனுப்பியது. தனித்தனியாக வந்து மாள்வதற்குப் பதிலாக, சேர்ந்து வந்து தாக்க இது உதவியது. 2003இன் கால் ஆஃப் டூட்டி, கொன்றவரின் பார்வையில் அந்தக் கணத்தை மீண்டும் காட்டியது. 2007இன் டீம் ஃபோர்ட்ரெஸ் 2 கொன்றவரைப் படமாக உறையவைத்துக் காட்டியது. 'எப்படிச் செத்தேன்?' என்ற கேள்விக்கு விடை கிடைத்ததால் கோபமும் சந்தேகமும் ஓரளவு தணிந்தன. ஒளிந்திருந்தவரின் இடமும் வெளிப்பட்டது.

டோட்டா, 2009இல் வந்த லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆகியவற்றில் காத்திருப்பு வளர்கிறது. ஆட்டத் தொடக்கத்தில் சில நொடிகளாக இருப்பது, நாயகரின் நிலை உயர உயர நீள்கிறது. பிற்பகுதியில் ஒரு மரணம் ஆட்டத்தையே முடித்துவிடலாம். டோட்டாவில் பொன் கொடுத்து உடனே உயிர்பெறவும் முடியும். அதற்காகப் பொன்னைச் சேமித்து வைப்பதே ஓர் உத்தி. சாம்பல் நிறமாகும் திரையின் முன் ஆட்டக்காரர் கடையில் பொருள் வாங்கலாம், வரைபடத்தைப் படிக்கலாம், அணியோடு திட்டமிடலாம்.

பேட்டில் ராயலும் இரண்டாம் வாய்ப்பும்

2017இல் வந்த பப்ஜி, அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஃபோர்ட்நைட் பேட்டில் ராயல் இரண்டும் 100 பேரை ஒரு களத்தில் இறக்கின. இறுதியில் எஞ்சுவது ஒருவரோ ஓர் அணியோதான். இங்கே அடுத்த சுற்று என்பதே இல்லை. தனி ஆட்டக்காரருக்கு இது பெரும் சிக்கலன்று. லாபிக்குத் திரும்பி வேறு ஆட்டம் தொடங்கலாம். நண்பர்களோடு ஆடுபவருக்குத்தான் சங்கடம். அவர் முதல் நிமிடத்தில் வெளியேறினால், மற்றவர்களை விட்டுப் போவதா, அரைமணி நேரம் பார்த்திருப்பதா?

2019 பிப்ரவரியில் வந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் இதற்கு நல்ல விடை தந்தது. மூவர் அணியில் ஒருவர் மாண்டால், தோழர் அவருடைய பதாகையை எடுத்துக் குறிப்பிட்ட இடத்துக்குக் கொண்டுபோய் அவரை மீட்கலாம். எடுக்கச் செல்வதும் மீட்பதும் ஆபத்தானவை என்பதால் உயிருக்கு மதிப்பு குறையவில்லை. காத்திருப்பவருக்கும் நம்பிக்கை இருந்தது. ஏப்ரலில் ஃபோர்ட்நைட்டும் இதே போன்ற மீட்பு வண்டியைச் சேர்த்தது. 2020 மார்ச்சில் வந்த கால் ஆஃப் டூட்டி வார்சோனில், இறந்தவர் 'குலாக்' என்ற சிறையில் மற்றொருவரோடு ஒற்றைக்கு ஒற்றை மோதி, வென்றால் களத்துக்குத் திரும்பினார். தம் முறைக்குக் காத்திருந்தோர் மேலே நின்று பார்த்தனர், கல்லெறியவும் முடிந்தது.

இறந்தவருக்கும் வேலை

1986இல் மாஸ்கோவில் திமித்ரி டேவிடாஃப் உருவாக்கிய மாஃபியா என்ற பேச்சு விளையாட்டில், வெளியேற்றப்பட்டவர் ஆட்டம் முடியும் வரை வாய்மூடி இருக்க வேண்டும். அதன் வழிவந்த அமாங் அஸ் 2018இல் வெளியாகி, 2020இன் பொதுமுடக்கக் காலத்தில் பெரும்புகழ் பெற்றது. அதில் இறந்த பணியாளர் ஆவியாகித் தம் வேலைகளைத் தொடரலாம். அவை அணியின் வெற்றிக் கணக்கில் சேரும். ஆவிகள் தங்களுக்குள் உரையாடலாம்; உயிருள்ளோருக்கு அது கேட்காது. இரகசியமும் காக்கப்பட்டது, இறந்தவரும் ஒதுக்கப்படவில்லை.

மதிப்பீடு

இந்த வரலாறு ஒரே திசையில் நகரவில்லை. காத்திருப்பை நீக்கிய விளையாட்டுகளும், அதை நீட்டிய விளையாட்டுகளும் இன்றும் அருகருகே ஆடப்படுகின்றன. வெற்றி பெற்றவை பெரும்பாலும் காத்திருக்கும் நேரத்தில் மூன்றில் ஒன்றையேனும் கொடுத்தவை: கற்றுக்கொள்ள ஒரு காட்சி, அணிக்கு உதவ ஒரு வேலை, திரும்பி வர ஒரு வாய்ப்பு. எதுவும் கொடுக்காத ஆட்டத்தில் ஆட்டமிழந்தவர் கைப்பேசியை எடுக்கிறார், அல்லது ஆட்டத்தை விட்டே போய்விடுகிறார். கோட்டுக்கு வெளியே அமர்ந்தபடி தம் அணியின் அடுத்த புள்ளிக்காகக் கூவும் கபடி வீரர் ஆட்டத்துக்குள்தான் இருக்கிறார். இணைய விளையாட்டுகள் இத்தனை ஆண்டுகளாகத் தேடிவருவதும் அந்த நிலையைத்தான்.