தோட்டத்தில் ஒரு மரவீடு – வால்டர் சீகல்

"வீட்டைக் கட்டிப்பார்" என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்! கொத்தனார் வரவில்லை, மணல் வரவில்லை, பூச்சு காயவில்லை... தினமும் ஒரு காரணம். கட்டுகிறவருக்குத் தெரிந்தது வீட்டுக்காரருக்குத் தெரியாது என்பதுதான் இதில் பாதித் தொல்லை. லண்டனில் அந்தப் பாதியை ஒழிக்கப் பார்த்தவர் வால்டர் சீகல் என்ற கட்டிடக் கலைஞர்.

1907ல் பெர்லினில் பிறந்தவர். அப்பா ஆர்தர் சீகல் ஓவியர். சுவிட்சர்லாந்தில் அஸ்கோனா என்ற ஊரில் வளர்ந்து, 1930களில் லண்டன் வந்து அங்கேயே தங்கிவிட்டார்.

1960களின் முற்பகுதியில் ஹைகேட் பகுதியில் இருந்த பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட நினைத்தார். அதுவரை குடும்பம் எங்கே இருப்பது? தோட்டத்திலேயே தற்காலிகமாக ஒரு மரவீடு எழுப்பினார். ஆனது இரண்டு வாரம், சுமார் 800 பவுண்டு. ஆழமாக அஸ்திவாரம் தோண்டவில்லை. நடைபாதைக்குப் போடும் கற்பலகைகள் மேல் தூண்களை நிறுத்தினார், அவ்வளவுதான். பலகைகளைக் கடையில் விற்கும் அளவிலேயே, முடிந்தவரை வெட்டாமல் பயன்படுத்தினார். வேலை முடிந்ததும் கழற்றி வேறு எதற்காவது பயன்படுத்தலாம் என்று கணக்கு! ஆனால் பெரிய வீடு எழும்பிய பிறகும் சின்ன வீடு கழற்றப்படவில்லை. பார்த்தவர்கள் அதைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார்கள். எங்களுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று ஆட்கள் வந்தார்கள்.

இதன் சூட்சுமம் எளிமையானது. தூண்களும் உத்திரங்களும் போல்ட் போட்டு இணைக்கப்படும். வீட்டின் பாரத்தையெல்லாம் அந்தச் சட்டமே தாங்கிக்கொள்ளும். சுவர் சும்மா நடுவில் நிற்கும் தட்டிதான். எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், பிறகு நகர்த்தலாம். செங்கல் இல்லை, ஈரப் பூச்சு இல்லை. காய்வதற்குக் காத்திருக்கவே வேண்டாம். ரம்பமும் துளைக்கருவியும் பிடிக்கத் தெரிந்தால் போதும். மேற்பார்வைக்கு என்று தனியாக ஒரு ஆள் தேவைப்படாத வீடு என்றே சொல்லலாம்.

ஆனால் சொந்த நிலமும் பணமும் உள்ளவர்கள் கட்டிக்கொள்வதில் என்ன பெரிய விஷயம்? இல்லாதவர்களால் முடியுமா என்பதுதான் கேள்வி. அதற்கு லூயிஷம் நகராட்சியில் பதில் கிடைத்தது. சரிவாகவும் மண் உறுதியில்லாமலும் இருந்ததால் நகராட்சியே கட்டிடம் கட்ட முடியாமல் விட்ட துண்டு நிலங்கள் அங்கே இருந்தன. மரவீட்டுக்குச் சரிவு ஒரு பிரச்சினையே இல்லை. தூணை நீளமாக வைத்தால் போயிற்று! நகராட்சி வீட்டுக்காகக் காத்திருந்தவர்களே கட்டிக்கொள்ளட்டும் என்ற யோசனை 1976ல் கவுன்சிலில் நிறைவேறியது, ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில். அந்த ஒரு கை தூக்கப்படாமல் போயிருந்தால் எல்லாம் பேச்சோடு முடிந்திருக்கும்.

அதன்பிறகும் காகிதங்கள் நகர ஆண்டுகள் பிடித்தன. கட்டத் தெரியாத குடும்பங்கள் தயாராக இருந்தன, கட்ட அனுமதிப்பதுதான் அலுவலகங்களுக்குக் கஷ்டமாக இருந்தது! கட்டியவர்களில் பெரும்பாலானோருக்குக் கட்டிட வேலையில் அனுபவம் கிடையாது. மாலை வகுப்புகளில் கற்றுக்கொண்டு, வேலைக்குப் போய் வந்த நேரத்திலும் விடுமுறை நாட்களிலும் கட்டினார்கள். கனமான சட்டங்களைத் தரையில் பூட்டி, எல்லோரும் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள். மற்றபடி ஜன்னலை எங்கே வைப்பது, எத்தனை அறை என்பதெல்லாம் அந்தந்தக் குடும்பத்தின் முடிவு. வரைபடத்தில் இல்லாத மாற்றங்களை அவர்கள் செய்தபோது சீகல் கோபப்படவில்லை, ரசித்தார். கட்டிடக் கலைஞர்களிடம் இது அபூர்வம்.

இரண்டாம் கட்டத்தில் எழுந்த 13 வீடுகள் 1987ல் முடிந்தன. சீகல் அதைப் பார்க்கவில்லை, 1985ல் இறந்துவிட்டார். அந்தத் தெருவுக்கு "வால்டர்ஸ் வே" என்று பெயர். தட்டிச் சுவர் ஆயிற்றே, பின்னாளில் அங்கே குடியிருந்தவர்கள் அறைகளைக் கூட்டியும் மாற்றியும் கட்டிக்கொண்டார்கள்.