நீல அச்சும் கடற்பாசி நூலும்

இங்கிலாந்து வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த சயனோடைப் என்னும் நீல அச்சுமுறை, கேமரா இன்றியே ஒளியைக் கொண்டு படமெடுக்க வழிவகுத்தது. குறிப்பிட்ட இரும்பு உப்புகளின் கரைசலைத் தாளில் பூசி, இருட்டில் உலர்த்தி, அதன்மீது ஒரு பொருளை வைத்து வெயிலில் காட்டினால், ஒளி பட்ட இடங்களில் நீரில் கரையாத நீல நிறமி உருவாகிறது; மறைந்திருந்த இடங்களின் உப்புகள் கழுவும்போது கரைந்துவிட, அங்கே தாளின் வெண்மை எஞ்சுகிறது. கழுவுவதற்கு வெறும் தண்ணீரே போதும் என்பதும், விலைமிக்க வெள்ளி உப்புகள் தேவையில்லை என்பதும் இதன் சிறப்புகள்.

இம்முறையின் அருமையை உடனே உணர்ந்தவர், ஹெர்ஷலின் குடும்ப நண்பரும் தாவரவியல் ஆர்வலருமான அன்னா அட்கின்ஸ் ஆவார். கையால் வரைவதற்குக் கடினமான கடற்பாசிகளை நேரடியாகத் தாளில் வைத்து அச்செடுத்து, 1843 முதல் 1853 வரை பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட நூலே, ஒளிப்படங்களைக் கொண்ட முதல் நூலாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. அதன் எழுத்துகளும்கூட நீல அச்சாகவே அமைந்தன. ஆயினும் முன்னுரையில் அவர் தம் பெயரின் முதலெழுத்துகளை மட்டுமே இட்டதால், அதன் ஆசிரியர் யாரென்பதே பின்னாளில் சில காலம் அறியப்படாமற் போயிற்று.

அறிவியலில் பிறந்து கலையைத் தொட்ட இம்முறைக்கு நீண்ட ஆயுளைத் தந்தவர்கள், வரைபடங்களைப் படியெடுக்க 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இதைப் பெருமளவில் கையாண்ட பொறியாளர்களே.