பெருந்தோட்டமும் கொழுக்கிப்புழுவும் – ஒரு வரலாற்று நோக்கு

பூண்டுலோயா என்னும் பெயர் பூச்சியியல் நூல்களில் நிலைபெற்றுவிட்ட ஒன்றாகும். அங்கு தோட்டத்துரையாக இருந்த எட்வேட் ஏர்னெஸ்ற் கிறீன், செடிகளில் ஒட்டி வாழும் செதிற்பூச்சிகளைத் திரட்டி ஆராய்ந்தார். பின்னர் இலங்கை அரசாங்கத்தின் பூச்சியியலாளராகவும் விளங்கினார். அவரது பெருநூல் 1896 தொடக்கம் பகுதி பகுதியாக வெளிவந்தது. செடியின் சாற்றை உறிஞ்சும் உயிரினம் இத்துணை நுணுக்கமாக ஆராயப்பட்ட அதே காலத்தில், அச்செடியைப் பேணிய தொழிலாளியின் குருதியை உறிஞ்சும் பிறிதோர் உயிரினமும் தோட்டங்களிற் பரவியிருந்தது. அதுவே கொழுக்கிப்புழு.

இப்புழுவை 1838இல் மிலான் நகரில் ஆஞ்சலோ டுபினி என்னும் மருத்துவர் முதன்முதலாகக் கண்டார். அது மனித உடலினுட் புகும் வழியோ 1898 அளவிலேயே, கெய்ரோவில் ஆர்தர் லூஸ் நிகழ்த்திய ஆய்வால் தெளிவாகத் தொடங்கியது. மலத்துடன் மண்ணிற் சேரும் முட்டைகள் ஈரமும் நிழலும் உள்ளவிடத்துக் குடம்பிகளாகின்றன. அவை வெறுங்காலின் தோலைத் துளைத்துக் குருதி வழியே நுரையீரலை அடைந்து, தொண்டை வழியாகக் குடலிற் சென்று தங்குகின்றன. அங்கு நாள்தோறும் இழக்கப்படும் குருதி சோகையாகவும் வீக்கமாகவும் களைப்பாகவும் வெளிப்படுகின்றது. கருவுற்ற பெண்களுக்கு இவ்விழப்பு மேலும் கேடு பயப்பது.

தேயிலைத் தோட்டம் இப்புழுவுக்கு ஏற்ற விளைநிலமாயிற்று. கங்காணிமார் மூலம் தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட மக்கள் லயங்களில் நெருக்கமாகக் குடியமர்த்தப்பட்டனர். மலசலகூடம் இல்லாத லயத்தவர்க்குத் தேயிலை மலையே ஒதுக்கிடமாயிற்று. மறுநாட் காலையில் அதே மண்ணில் வெறுங்காலுடன் நின்று கொழுந்து கொய்தனர். இதனைத் தொழிலாளரின் பழக்கக்கேடு என்று கூறி அமைந்தோர் பலர். ஆயின், வசதி செய்து கொடுக்கப்படாதவிடத்துப் பழக்கத்தைக் குறைகூறுதல் நியாயமாகாது.

இலங்கையின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த கின்சி, சோகை நோய் பற்றி 1887இலேயே அறிக்கை வெளியிட்டிருந்தார். எனினும், பரந்த அளவிலான ஒழிப்பு இயக்கம் 1916இலேயே மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கிற்று. அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றம் இதற்குத் துணைநின்றது. நோயாளி வயிற்றைக் காயவைத்துக் கீனோப்போடிய எண்ணெயை உண்டு, பேதியுப்பும் அருந்த வேண்டியிருந்தது. புழுக்கள் வெளியேறின; சோர்ந்த உடல்கள் தேறின. ஆயின், மலசலகூடங்கள் அமையாவிடத்து மருந்து பயன்தராது என்பதை இயக்கத்தினர் உணர்ந்திருந்தனர். தோட்ட உரிமையாளரோ அதற்காகும் செலவை ஏற்கத் தயங்கினர். மருந்து அன்றிருந்த புழுவைக் கொன்றது. மண் நாளைய புழுவை வளர்த்தது.

இவ்வனுபவம் இலங்கைப் பொதுச் சுகாதார வரலாற்றில் ஒரு திருப்பத்துக்கு வழிகோலியது எனலாம். ஒரு நோயை மாத்திரம் தனித்து எதிர்ப்பதை விடுத்து, சுற்றாடல், தாய்சேய் நலம், சுகாதாரக் கல்வி ஆகியவற்றை ஒருங்கே பேணும் சுகாதாரப் பிரிவு 1926இற் களுத்துறையில் நிறுவப்பட்டது. கிராமங்களில் வேரூன்றிய இம்முறையின் பயன் தோட்டங்களை உரிய காலத்திற் சென்றடையவில்லை. தோட்டத்து நலம் நிருவாகத்தின் பொறுப்பென்றே விடப்பட்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களுட் பெரும்பாலானோர் நாடற்றோராயினர். அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் இழந்தனர். கேட்கும் குரலும் இவ்வாறு ஒடுங்கியது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டமும் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட இடந்தரவில்லை. அதற்கான திருத்தம் 2018இலேயே நிறைவேறிற்று.

2019இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வொன்று, மண்வழிப் பரவும் குடற்புழுத் தொற்று ஆரம்பப் பாடசாலைச் சிறுவரிடையே ஒரு வீதத்திலும் சற்றுக் குறைவு எனக் கண்டது. பெருந்தோட்டச் சமூகங்களிலோ அது ஏறத்தாழ 9 வீதமாக இருந்தது. புழுநீக்க மாத்திரை இன்று மலிவானது, தீங்கற்றது. இருந்தும் இவ்வேறுபாடு நிலைப்பதற்குக் காரணம் மருத்துவத்தில் இல்லை, வரலாற்றில் உள்ளது. மலசலகூடத்தை அமைப்பவர் யார் என்ற வினாவுக்கு 1916இற் கிடைக்காத விடை, ஒரு நூற்றாண்டு கடந்தும் முழுமையாகக் கிடைத்திலது. தேயிலையைத் தின்ற பூச்சிக்கு உடனே தேடப்பட்ட பரிகாரம் அதனைப் பறித்த கைகளுக்கும் அன்றே தேடப்பட்டிருப்பின், மலையகத்தின் வரலாறு வேறாக அமைந்திருக்கும்.